தெருநாய்க்கு மணி தெரியுமா? சாப்பாடு வைக்கும் இடத்தைப் போலவே நேரமும் ஏன் முக்கியம்?

தெருநாய்களுக்கு எங்கே சாப்பாடு வைப்பது என்ற வாதம் நாடு முழுக்க நடக்கிறது. எத்தனை மணிக்கு வைப்பது என்பது அந்த வாதத்தில் அவ்வளவாக வருவதில்லை. ஆனால் விதியில் இரண்டுமே இருக்கின்றன.

கோர்ட் சொன்னது என்ன?

டெல்லி தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க 2025 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22-ல் 3 நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்ததும், ரேபிஸ் பாதித்தவை, ஆக்ரோஷமானவை தவிர மற்ற நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கண்ட இடத்தில் சாப்பாடு போடக் கூடாது. வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும். வழக்கும் எல்லா மாநிலங்களுக்கும் விரிவானது. பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு போன்ற இடங்களில் பிடிபடும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என நவம்பர் 7-ல் இன்னொரு உத்தரவு வந்தது.

நேரம் எங்கே வருகிறது?

2023-ன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளில் 20-வது விதியைப் பாருங்கள். குழந்தைகள், முதியவர்கள் நடமாட்டம் குறைவான இடத்தை மட்டுமல்ல, குறைவான நேரத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது அது.

நாய்க்கு நேரம் எப்படித் தெரியும்?

நாய்க்கு வாட்ச் பார்க்கத் தெரியாதுதான். ஆனா வயிற்றுக்கும் மூளைக்கும் கணக்கு தெரியும். வெளிச்சத்தைப் பார்த்து 24 மணி நேரச் சுழற்சியை ஓட்டும் உடல் கடிகாரம் பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் உண்டு. தினமும் ஒரே நேரத்தில் உணவு கிடைத்தால், உடல் அதற்கு முன்பே தயாராகிவிடும். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வகத்தில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உணவு கொடுத்துப் பழக்கிய நாய்களுக்கு, உணவே வராவிட்டாலும் அந்த நேரம் நெருங்கும்போது எச்சில் ஊறியது.

கடந்துபோன நேரத்தின் நீளமும் அதற்குப் புரிகிறது. 2011-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 12 வளர்ப்பு நாய்களை அரை மணி, 2 மணி, 4 மணி நேரம் தனியே விட்டுப் பார்த்தார்கள். அரை மணியில் திரும்பிய உரிமையாளரைவிட 2 மணி கழித்து வந்தவருக்கு வரவேற்பு பலமாக இருந்தது. 2-க்கும் 4-க்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வீட்டில் ஆளின் வாசனை மெல்ல மெல்லக் குறைவதை வைத்தே நாய் நேரத்தைக் கணிக்கலாம் என்கிறார் அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ். இது இன்னும் உறுதியாகாத கருதுகோள்தான்.

பழகிய இடத்தை விடுமா?

லேசில் விடாது. டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்துக்கு, 1925-ல் இறந்துபோன தன் எஜமானரைத் தேடி 1935 வரை வந்துகொண்டிருந்தது ஹச்சிகோ. அங்கே வந்துபோனவர்கள் அதற்குத் தீனியும் கொடுத்தார்கள்.

பூதப்பாண்டி போன்ற ஊருக்கு இதில் என்ன?

தோவாளை தாலுகாவின் தலைமையிடமான பூதப்பாண்டி ஒரு பேரூராட்சி. கோயில், கடைத்தெரு, அலுவலகங்கள் எல்லாம் பக்கம் பக்கம். இப்படிப்பட்ட ஊரில் ஆளே இல்லாத இடம் கிடைப்பது கஷ்டம். ஆள் குறைந்த நேரம் கிடைக்கும்.

காலை எட்டரைக்குச் சோறு வைத்தால், எட்டு மணிக்கே நாய்கள் கூடி நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் தெருவில் நடக்கும் நேரமும் அதுதான். சோற்றுக்கு நாய்களுக்குள் சண்டை வந்தால் நடுவில் மாட்டுவது பிள்ளைகள். அதே சோற்றை விடியலிலோ இரவு தெரு அடங்கிய பிறகோ வைத்தால் கூட்டமும் அந்த நேரத்துக்கு மாறும்.

இடத்தை மாற்றும்போதும் பழைய இடத்தில் ஒரே நாளில் நிறுத்திவிட்டால் பசித்த நாய்கள் அங்கேதான் வந்து நிற்கும். தினமும் அதே மணிக்கு, அதே ஆள், புதிய இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப்போவதே நல்லது. கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் நாய் பிடிக்க வருபவர்களுக்கும் இது வசதி: எத்தனை மணிக்கு எந்த நாய் எங்கே நிற்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

உணவிடத்தில் போர்டு வைக்கும் உள்ளாட்சிகள், அதில் நேரத்தையும் எழுதினால்தான் விதி முழுமையாக நிறைவேறும்.