வேலைக்குப் போக எந்தச் சைக்கிள்?

சம்பளம் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் ஒரு தொழிலாளி சைக்கிள் வாங்கப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை. போக எட்டு ஒன்பது கிலோமீட்டர், திரும்பி வர அதே தூரம். பஸ்சை நம்பினால் ஷிப்டுக்கு நேரம் தவறுகிறது. ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டத் தெம்பில்லை. சைக்கிள்தான் வழி என்று முடிவு செய்து, மகனையும் கூட்டிக்கொண்டு கடைப்படி ஏறுகிறார்.

கடையின் முன்வரிசையில் நிற்பது எது? யானைக்கால் போலத் தடித்த டயர், முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த போர்க், கண்ணைப் பறிக்கும் வர்ணம், இருபத்தொரு கியர். இவை கொண்ட வண்டிகள்தான். கறுப்புச் சைக்கிள் பின்னால் சுவரோரம் தூசு படிந்து நிற்கிறது.

“அதைப் பார்த்தா பால்காரர் வண்டி மாதிரி இருக்குப்பா” என்கிறான் மகன்.

“இப்போ எல்லாரும் முன்னால இருக்கிறதைத்தான் கேக்கிறாங்க அண்ணே” என்கிறார் கடைக்காரர்.

முன்வரிசை வண்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. முதல் வாரம் தெருவே பார்க்கிறது. இரண்டாம் வாரம் தொடை வலிக்கிறது. முதல் மழையில் சட்டையின் முதுகில் சேறு கோடு போடுகிறது. சாப்பாட்டுப் பையை மாட்ட இடமில்லை. கியர் கம்பி தளர்ந்து செயின் கழன்று விழுகிறது. மூன்றாம் மாதம் வண்டி மாடிப்படிக்குக் கீழே போய்விடுகிறது. அவர் மறுபடியும் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார். “சைக்கிளெல்லாம் நமக்குச் சரிப்படாது” என்று சொல்லிக்கொள்கிறார்.

சரிப்படாதது சைக்கிள் அல்ல. அந்தச் சைக்கிள். போகிற வழியையும், தூரத்தையும், தூக்குகிற சுமையையும் கணக்குப் பார்க்காமல் தோற்றத்தைப் பார்த்து வாங்கியதால் வந்த வினை இது. பணக்காரருக்கு இது ஒரு விளையாட்டுப் பொருள் வீணான கதை. தொழிலாளிக்கோ பல நாள் கூலி வீணான கதை.

மலைக்குச் செய்த வண்டி

தடித்த டயர் சைக்கிள் எங்கே பிறந்தது என்று தெரிந்தால் அதன் குணமும் தெரிந்துவிடும். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களை மலைச்சரிவுகளில் இறக்கி ஓட்டினார்கள். கல்லும் மண்ணும் நிறைந்த பாதை அது. அதற்கேற்ப டயரைத் தடிப்பாக்கினார்கள், பிரேக்கைப் பலப்படுத்தினார்கள், கியரைச் சேர்த்தார்கள். டயரில் உள்ள முரட்டுக் கட்டைகள் மண்ணைக் கவ்விப் பிடிப்பதற்காக ஏற்பட்டவை.

தார் ரோட்டில் கவ்வ மண் இல்லை. அங்கே அந்தக் கட்டைகள் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நசுங்கி எழுகின்றன. அதற்குச் செலவாகும் சக்தி மிதிப்பவரின் காலிலிருந்துதான் போகிறது. காது கொடுத்துக் கேட்டால் ‘உர்ர்’ என்று அந்தச் சத்தமே சொல்லும்.

முன் ஸ்பிரிங் விஷயமும் இப்படித்தான். விலை உயர்ந்த வண்டியில் உள்ளது வேறு. குறைந்த விலை வண்டியில் வருவது பெரும்பாலும் கனமான இரும்புச் சுருள். எழுந்து நின்று மிதிக்கும்போது அழுத்துகிற பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். இரண்டு மழைக்காலம் போனால் துருவேறி இறுகியும்விடும். அதன்பின் அது வெறும் பாரம்.

“பெங்களூர் ரோடுகளில் பள்ளம் இல்லையா? தடித்த டயர் வேண்டாமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பள்ளத்துக்கு வேண்டியது ஓரளவு அகலமான, மேல்பரப்பு வழவழப்பான டயர். அதில் சரியான அளவு காற்று இருந்தால் அதைவிட நல்ல ஸ்பிரிங் கிடையாது.

ரேஸ் வண்டியும் ஆகாது

அதற்காக மறுகோடிக்கும் போய்விடக் கூடாது. வளைந்த ஹேண்டில் பார், விரல் தடிமன் டயர் கொண்ட ரேஸ் சைக்கிள் எடை குறைவு, வேகம் அதிகம். ஆனால் 25 மில்லிமீட்டர் டயர் ஒரு பள்ளத்து விளிம்பில் மோதினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் கடிபட்டுப் பஞ்சராகும். சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் சக்கரம் இறங்கினால் ஆளே தூக்கியெறியப்படுவார். குனிந்து ஓட்டுகிறவருக்கு நெரிசலில் முன்னும் பின்னும் பார்ப்பதும் சிரமம். பெரும்பாலும் கேரியர், மட்கார்டு மாட்ட வசதியும் இருக்காது. விடியற்காலையில் ஊருக்கு வெளியே பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு அது ஏற்றது. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு ஏற்றதல்ல.

கறுப்புச் சைக்கிளின் குணம்

சுவரோரம் தூசு படிந்து நிற்கிறதே, அந்தச் சாதாரணச் சைக்கிளை இனிக் கவனிக்க வேண்டும். சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லும், லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் 1956-லும் தோன்றிய காலம் தொட்டு இந்நாட்டுத் தொழிலாளியைச் சுமந்தது இந்த வண்டிதான்.

அதில் என்ன இருக்கிறது? 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர். சக்கரம் பெரிதாக இருப்பதால் சிறு பள்ளங்களில் விழாமல் உருண்டு கடக்கும். முழு மட்கார்டு உண்டு. செயினுக்கு மூடி உண்டு, பேண்ட் கிழியாது. சாப்பாட்டுப் பையும் மழைக்கோட்டும் வைக்கக் கேரியர் உண்டு. இரட்டைக்கால் ஸ்டாண்ட் உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதால் ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கலாம், லாரிக்காரரும் ஓட்டுகிறவரைப் பார்க்கலாம். கெட்டுப்போனால் எந்தத் தெருமுனைக் கடையிலும் உதிரி பாகம் கிடைக்கும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. எடை சுமார் இருபது கிலோ. குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். மழை நாளில் முன்கூட்டியே பிரேக் பிடிக்கப் பழக வேண்டும். மூன்றாவது குறை பெங்களூருக்கே உரியது.

ஏற்றமும் இறக்கமும்

சென்னை சமதரை. பெங்களூர் கடல்மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், மேடும் தாழ்வுமான நிலத்தில் எழுந்த ஊர். தாழ்வுகளில் ஏரிகளைக் கட்டி, மேடுகளில் பேட்டைகளை அமைத்தார்கள். எந்தத் திசையில் போனாலும் ஓர் இறக்கம், ஓர் ஏற்றம் தவறாது. தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து வந்து குடியேறியவர் அங்கே ஓட்டிய வண்டியையே இங்கே ஓட்டினால் முழங்கால் புகார் சொல்லத்தான் செய்யும்.

இதற்குப் புது வண்டி தேவையில்லை. சாதாரணச் சைக்கிளில் பொதுவாக முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் ஓடும். பின்னால் உள்ள ப்ரீவீலைக் கழற்றி 22 பல் உள்ளதை மாட்டினால் அதே சுற்றுக்குச் சுமார் 4.4 மீட்டர் ஓடும். வேகம் கொஞ்சம் குறையும், ஏற்றத்தில் கால் இலேசாகும். செயினை அதற்கேற்பக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கும். ரிப்பேர் கடையில் அரைமணி வேலை. இந்த எளிய மாற்றம் தெரியாமலே எத்தனையோ பேர் சைக்கிளைக் கைவிட்டிருக்கிறார்கள்.

இடைப்பட்ட வண்டி

தினமும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கும் செங்குத்தான ஏற்றம் உள்ளவர்களுக்கும் இடைப்பட்ட இனம் ஒன்று இருக்கிறது. கடையில் ஹைபிரிட் என்பார்கள். நேரான ஹேண்டில் பார், 35 முதல் 40 மில்லிமீட்டர் டயர், அலுமினிய ரிம், எடை பதின்மூன்று முதல் பதினைந்து கிலோ. ஈரத்திலும் பிரேக் நன்றாகப் பிடிக்கும். விலை கூடுதல்தான். ஆனால் வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, மட்கார்டும் கேரியரும் மாட்டத் துளைகள் உள்ளனவா? இரண்டாவது, ஸ்பிரிங் இல்லாத நேர் போர்க் கிடைக்குமா?

இருபத்தொரு கியர் என்பதில் மயங்க வேண்டாம். முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் இருபத்தொன்று. அவற்றில் பல ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே பலன் தருபவை. முன்னால் ஒன்று, பின்னால் ஏழு உள்ள வண்டியே இந்த ஊருக்குத் தாராளம். கெட்டுப்போகிற பாகமும் குறைவு.

பாட்டரி சைக்கிளும் வந்திருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மேற்படாமல் இருந்தால் லைசென்சும் பதிவும் தேவையில்லை. வயதானவர்களுக்கும் வெகுதூரம் போகிறவர்களுக்கும் உதவும். பாட்டரி தீர்ந்தபின் அந்தக் கனத்தை மிதிக்க முடியுமா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெண்களும் ஸ்டேஷன் பயணிகளும்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்கள் பலர் கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறார்கள். குறுக்குக் கம்பி இல்லாத, புடவையும் துப்பட்டாவும் சிக்காதபடி சக்கர வலை போட்ட வண்டி அவர்களுக்கு வசதி. அது கிடைக்காவிட்டால் சைக்கிளே கூடாதா? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. வழியும் வேலையும் தெரிந்தவர்கள் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் விதம் அது.

கோலார் தங்கவயலின் கதை வேறு. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டபின் மாரிக்குப்பம், ஊரிகாம், கோரமண்டல் ஸ்டேஷன்களிலிருந்து விடியுமுன்னே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் சைக்கிள். பகல் முழுவதும் வண்டி ஸ்டேஷனில் நிற்கும். அங்கே புது வண்டியை விட்டுவிட்டு ரயிலில் நிம்மதியாக உட்கார முடியாது. பழைய சாதாரண வண்டி ஒன்று, நல்ல பூட்டு ஒன்று, இருட்டில் தெரிய விளக்கு ஒன்று. இது போதும்.

உடம்புக்கு அளவு

எந்த வண்டியானாலும் ஆளுக்குப் பொருந்த வேண்டும். கம்பிக்கு இருபுறமும் காலை ஊன்றி நின்றால் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, கீழே போன பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். பெரும்பாலோர் சீட்டை மிகவும் தாழ்த்தி ஓட்டுகிறார்கள். முழங்கால் வலிக்கு வைத்தியரிடம் போகுமுன் ஒரு ஸ்பானரை எடுத்துச் சீட்டை உயர்த்திப் பார்க்கலாம்.

கேட்டு வாங்க வேண்டும்

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்கிற சரக்கைத்தான் அவர் முன்வரிசையில் வைப்பார். மட்கார்டு எங்கே, கேரியர் எங்கே, பின்விளக்கு எங்கே என்று பத்துப்பேர் கேட்டால் பதினொன்றாவது ஆளுக்கு அவையெல்லாம் மாட்டியே வைத்திருப்பார்.

தொழிற்சாலைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. முதலாளியின் காருக்கு நிழல் இருக்கிறது. தொழிலாளியின் சைக்கிள் வெயிலில் காய்ந்து மழையில் நனைகிறது. நாலு தகரம் போட்ட ஒரு கொட்டகை பெரிய செலவல்ல.

மாநகர நிர்வாகம் சைக்கிளுக்குத் தனிப்பாதை போடும்போது போடட்டும். அதுவரை ஷிப்டு காத்திருக்காது. பால்காரர் வண்டி என்று மகன் சிரித்தானே, அந்தப் பால்காரர் விடியற்காலை நாலு மணிக்கு, மழையிலும் பனியிலும், கேன்களோடு ஒருநாள் தவறாமல் வந்து சேர்ந்தவர். வேலைக்குப் போகிற வண்டிக்கு அதைவிட வேறு நற்சான்று என்ன வேண்டும்?