ஏரிக்கரை இளைஞர்களும் நாட்டுத் துப்பாக்கியும்

பழவேற்காடு ஏரிக்கும் காட்டூர்ப் பக்கத்து நீர்நிலைகளுக்கும் வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கும் மாதங்களில், சில இளைஞர்களை வேட்டை ஆசை தொற்றிக்கொள்கிறது. பறவைகளுக்காகப் பலரும் பேசிவிட்டார்கள். பிள்ளைகளின் உயிரைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும்.

நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்தையும் ஈயக் குண்டுகளையும் குழல்வாய் வழியாக இடித்து நிரப்புகிறார்கள். நிரப்பிவிட்டால் சுட்டுத் தீர்ப்பதைத் தவிர எளிதில் வெளியே எடுக்க வழியில்லை. அதனால் நிரப்பியபடியே பைக்கிலும் படகிலும் போகிறது. வீட்டு மூலையிலும் சாத்தி வைக்கப்படுகிறது. நிரம்பியதா காலியா என்று பார்த்தவுடன் தெரியாது. தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்த குழல் என்றால் சுடுபவர் கையிலேயே வெடிக்கலாம். ஏரியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆழமில்லாத நீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். நீரில் பட்டுத் தெறிக்கும் குண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்கு உரிமம் கிடையாது. உரிமம் இருந்தாலும் பறவை வேட்டை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமே. அம்புடன் பள்ளிவாசலுக்கோ கடைவீதிக்கோ வருபவர் அதன் முனையைப் பற்றிக்கொள்ள வேண்டும் என நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது, விளையாட்டுக்காகத் துப்பாக்கியை நண்பன் பக்கம் திருப்பும் பிள்ளைக்கும் பொருந்தும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல்துறை அறிவித்தபோது பல துப்பாக்கிகள் வெளியே வந்தன. நம் ஜமாஅத்தும் மீனவ கிராமப் பஞ்சாயத்தும் சேர்ந்து போய் இங்கும் அதே வாய்ப்பைக் கேட்கலாம். பறவைகள் வருவதற்கு முன்பே கேட்டால் நல்லது.