கிண்ணத்தில் வென்றது காயத்தில் வெல்லுமா?

சுவர் வெடிப்பிலும் மரப்பொந்திலும் வாழும் கொசுத் தேனீயைப் பலரும் கண்டிருப்பீர்கள். நான்கு மில்லிமீற்றர் அளவேயான இந்தச் சிறு பூச்சிக்குக் கொட்டுவதற்கேற்ற கொடுக்கு இல்லை. மா, பலா போன்ற மரங்களில் கசியும் பிசினைப் பின்னங்கால்களில் சுமந்து வந்து, தன் மெழுகோடு குழைத்துக் கூட்டின் வாசலையும் தேன் குடங்களையும் அமைக்கிறது. வெடிப்புகளை அடைப்பதும் அதனால்தான். அந்தப் பிசினே புரோபோலிஸ்.

இன்று அது 'சகல நோய்க்கும் மருந்து' என்று வட்ஸ்அப்பில் வலம் வருகிறது. அதை அப்படியே நம்பக்கூடாது என்பதே என் கருத்து.

பிசினில் மருத்துவக் குணமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அதில் பிளேவனொயிட்டுகளும் பீனோல் சேர்வைகளும் உள்ளன. அற்ககோலில் கரைத்தெடுத்த அதன் சாறு, புண்ணில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் பற்றீரியாவின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது பெத்திரிக் கிண்ணத்தில் கிடைத்த வெற்றி. அற்ககோலும் கிருமியைக் கொல்லும் என்பதால், பிசின் கலக்காத அற்ககோலோடு ஒப்பிட்டார்களா என்று உயிரியல் படிக்கும் நாம் கேட்கவேண்டும். மரத்துக்கு மரம் பிசின் மாறுவதால் ஒரு போத்தலில் உள்ளது மறு போத்தலில் இருக்காது. சிலருக்கு ஒவ்வாமையும் ஏற்படும்.

நம் வீடுகளில் சீனி வருத்தம் உள்ளவர்கள் அநேகர். அவர்களின் காலில் வரும் சிறு புண்ணும் கவனிக்காவிட்டால் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். கிளினிக்கைத் தள்ளிப்போட்டுப் பிசினைப் பூசிக்கொண்டிருந்தால் இழக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்துத்தான்.

சிலர் சூரத்துந் நஹ்லைச் சொல்லி இதை விற்கிறார்கள். அந்த வசனம் பேசுவது தேனீயின் வயிற்றிலிருந்து வெளியாகும் பானத்தை. பிசின் மரத்திலிருந்து வருவது. மேலும், சிந்திக்கும் மக்களுக்கே அதில் அத்தாட்சி உண்டு என்றுதான் அவ்வசனம் முடிகிறது. சிந்திக்காமல் வாங்கச் சொல்வதற்கு அதை ஆதாரமாக்குவது எப்படி நியாயமாகும்?

தோழியரே, அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால் பகிருமுன் கேளுங்கள்: எந்தத் தேனீ? எந்த மரம்? மனிதரில் சோதித்தார்களா? பதில் இல்லையென்றால் அது உங்கள் தொலைபேசியோடு நிற்கட்டும். வீட்டுப் பெரியவர்களின் கிளினிக் கொப்பியை எடுத்து, அடுத்த திகதி எப்போது என்று பாருங்கள்.