மருந்துப் பெட்டிக்கு ஒரு பூட்டு

கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையமும், விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையமும், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலமும் உள்ளன. பயிர் வாடினால் காரணம் சொல்ல இத்தனை பேர் உண்டு. பயிரிடுபவர் வாடினால் யாரிடம் போவது?

ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்ப்பவர்களுக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்கப் பயிற்சி என்று ஒன்று நடத்துகிறார்கள். மூச்சை ஒழுங்குபடுத்துவது, உறக்கத்தைக் காப்பது, கவலைகளைப் பிரித்துப் பார்ப்பது, மனம் விட்டுப் பேசுவது ஆகியவை அதில் அடங்கும். இது சம்பளக்காரர் சங்கதி என்று விவசாயிகள் ஒதுக்கிவிடுவது சரியல்ல. மாதம் பிறந்தால் பணம் வரும் என்று தெரிந்தவருக்கே இது தேவைப்படுகிறது. மேட்டூர் எப்போது திறக்கும், வீராணத்தில் எத்தனை அடி தண்ணீர், அறுக்கும் நேரத்தில் வானம் என்ன செய்யும் என்று ஆண்டு முழுதும் அண்ணாந்து பார்த்திருக்கும் கடைமடை விவசாயிக்குத் தேவைப்படாதா?

இந்த மாவட்டம் பட்ட அடி கொஞ்சமல்ல. 2011 டிசம்பர் 30 காலையில் கரையைக் கடந்த தானே புயல் பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. அப்பன் வைத்த பலா போனால் மகன் தலையெடுத்த பிறகுதான் மறுபடி காய் பார்க்கலாம். 2015-ல் வெள்ளம் வந்தது. 2004 சுனாமிக்குப் பின், பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் தமிழகக் கடலோரத்தில் உள்ளூர்த் தொண்டர்களைப் பழக்கி, உற்றாரை இழந்தவர்களுக்கு ஆறுதல் கிடைக்க வழி செய்தார்கள். விளைந்த பயிரை வெள்ளத்தில் விட்டவருக்கும் அத்தகைய துணை வேண்டும் என்பது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

ஆனாலும் நல்ல முன்மாதிரி ஒன்று இந்த மாவட்டத்திலேயே உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் காட்டுமன்னார்கோயில் பகுதியில் நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். இரண்டு கிராமங்களில் பூச்சி மருந்து வைக்கப் பொதுக் கிடங்கு கட்டி, விவசாயிகளுக்குப் பூட்டுடன் தனித்தனிப் பெட்டிகள் கொடுத்தார்கள். மருந்து வீட்டுக் கூரையிலும் அடுப்பங்கரையிலும் கிடக்காமல் அங்கே பூட்டப்பட்டது. கிடங்கு இருந்த ஊர்களில் மருந்தால் உயிர் போவது குறைந்தது. விவசாயிகளும் விரும்பி ஏற்றார்கள். ஆய்வின் முடிவு 2013-ல் வெளிவந்தது.

நான்கு கிராமங்களை வைத்து நாட்டுக்கே சட்டம் போட முடியாதுதான். ஆனால் காரணம் எவருக்கும் விளங்கக்கூடியது. சாக வேண்டும் என்ற எண்ணம் பல சமயம் ஒரு வேகத்தில் வருகிறது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லையென்றால் அந்த வேகம் தணிகிறது. அதற்குள் யாராவது வந்து பேசியும் விடுகிறார்கள். இலங்கையில் 1990-களில் கொடிய நஞ்சுள்ள மருந்துகள் சிலவற்றை அரசு தடுத்தது. 2005-க்குள் அங்கே தற்கொலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நெல் மகசூல் அதனால் விழுந்துவிடவில்லை.

“கடன் தீர்ந்தால் கவலை தீரும், மூச்சுப் பயிற்சி எதற்கு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தண்ணீரும் விலையும் அரசு தர வேண்டியவை. அவற்றுக்குப் பதிலாக மூச்சுப் பயிற்சியைக் கொடுத்துவிட்டு யாரும் நழுவ முடியாது. ஆனால் நான்கு இரவு கண் மூடாதவரால் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, கெடு முடிவதற்குள் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிய முடிகிறதா? இயற்கைச் சேதம் என்று அரசு அறிவித்த இடங்களில் குறுகியகாலப் பயிர்க்கடனை மத்தியகாலக் கடனாக மாற்றிக் கேட்க வழி உண்டு. கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் அதைக் கேட்கத் தெம்பு வேண்டும். வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்குபவருக்கு அந்தச் சலுகை இருந்தும் பயனில்லை.

ஆகவே பயிற்சி விவசாயிக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். கடலூருக்கு வரச்சொல்லி, ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழக்க வைத்து, மின்விசிறிக்கடியில் கண்ணை மூடச் சொல்வதில் பயனில்லை. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஒரு தடவை, அறுவடைக் கணக்குப் பார்க்கும் நேரத்தில் இன்னொரு தடவை, மாலை வேளையில், பால் சங்கத்திலோ கோயில் மண்டபத்திலோ நடத்தலாம். பெண்கள் அவசியம் வர வேண்டும். கடன்காரருக்கு முதலில் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். கடன் விவரத்தை மனைவியிடம் மறைக்காமல் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதையும் பாடமாகவே வைக்கலாம். எழுதிய கடன் மனத்தில் சுமக்கும் கடனைவிடச் சிறியதாகத் தெரிவது உண்டு.

தூக்கம் கெடுவது, சோறு இறங்காதது, எப்போதும் பேசுகிறவர் பேசாமல் ஒதுங்குவது, குடி கூடுவது, “நான் இருந்து என்ன” என்று சொல்வது ஆகிய அறிகுறிகளை அக்கம்பக்கத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்டவரிடம் சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படித் தூண்டாது, கேட்பது நல்லது என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள மருந்தை அப்புறப்படுத்தி, அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கடலூர் அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். சிநேகாவின் எண் 044-24640050.

பூட்டுப் பெட்டிக்குப் பெரிய செலவு இல்லை. ஆகஸ்டு 15 கிராமசபையில் கிடங்கும் பயிற்சியும் கேட்டுத் தீர்மானம் வைத்தால், புரட்டாசி முடிவதற்குள் முதல் வகுப்பை நடத்த நேரம் இருக்கும்.