முதியோரும் டென்னிஸ் ஆட்டமும்

விளையாட்டு இளமைக்கே உரியது என்பது நம்மவர் பலருடைய உள்ளத்தில் வேரூன்றிக் கிடக்கும் கொள்கை. கல்லூரியை விட்டு வெளியேறும் நாளன்றே மட்டையைப் பரண்மேல் ஏற்றிவிடுதலும், உத்தியோகம், குடும்பம் என்னும் இரண்டினுக்கும் உடலை ஒப்புவித்துவிடுதலும், ஐம்பது ஆண்டு நிரம்புமுன் வைத்தியர் வாயிலிற் காத்திருத்தலும் கற்றறிந்தார் பலருடைய வாழ்க்கை முறையாகிவிட்டன. அறுபது வயதினர் ஒருவர் அரைக்காற்சட்டை அணிந்து பந்தாடச் செல்வாராயின், தெருவிலுள்ளார் நகைப்பர், மனையிலுள்ளார் நாணுவர். இக்கொள்கை பிழையுடையது என்பதையும், அதன் பயனாக நம் மாணவர் ஒரு தவறு செய்யவிருக்கின்றனர் என்பதையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

கோடை விடுமுறையில் நம் கல்லூரியின் மண் தளங்கள் இரண்டிலும், விடியற்காலை ஐந்தரை மணி முதல் ஏழரை மணி வரை, ஓய்வு பெற்ற ஆசிரியரும் பழைய மாணவரும் நகரத்து முதியோர் சிலரும் டென்னிஸ் ஆடிவருதலை யாவரும் அறிவர். வருகின்ற கோடையில் இவ்வழக்கத்தை நிறுத்திவிட வேண்டும் என்று மாணவருள் ஒரு சாரார் கூறுகின்றனர். 'முதியோர் ஆடுவதால் கல்லூரிக்குக் கோப்பை வரப்போவதில்லை. தளம் தேய்வதே பயன்' என்பது அவர் வாதம். பிறரைக் குறைகூறுமுன் என் குறையைச் சொல்லிவிடுகின்றேன்: சென்ற ஆண்டு யானும் அங்ஙனமே பேசியவருள் ஒருவன்.

என் கருத்து மாறியது ஒரு காலைப்பொழுதில். இரட்டையர் ஆட்டத்துக்கு ஓராள் குறைந்தமையால், வேலியருகே நின்ற என்னை, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "தம்பி, மட்டையை எடுத்துக்கொண்டு வாரும்" என்று அழைத்தார். அவ்வாட்டம் முடிந்தபின் அவரோடு தனியாகவும் ஆடினேன். அவருக்கு வயது 69, எனக்குப் பத்தொன்பது. அவர் ஓடவில்லை, ஓடினவன் யானே. யான் பின்னெல்லையில் நின்றால் பந்தை வலைக்கு அப்பால் மெல்ல இட்டார். வலையை நோக்கி விரைந்தால் என் தலைக்குமேல் உயர எறிந்தார். ஆறுக்கு மூன்று என்னும் கணக்கில் தோற்றேன். புங்கமர நிழலில் உப்பிட்ட மோர் அருந்திக்கொண்டிருந்த அவரிடம், "ஐயா, இவ்வெயிற்காலத்தில் இத்துணை உழைப்பு எதற்கு?" என்று கேட்டேன். "அடுத்த ஆண்டு எனக்கு எழுபது, எழுபதினர் பிரிவில் யானே இளையவன். அதற்குள் இந்தப் பின்கை அடியைத் திருத்திக்கொள்ள வேண்டாவா?" என்றார். முதுமையை எதிர்நோக்கி மகிழ்ந்த ஒருவரை அன்றுதான் கண்டேன்.

அவர் கூறியது வெறும் வேடிக்கையன்று. சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் நடத்தும் முதியோர் போட்டிகள், முப்பது வயதினர் பிரிவில் தொடங்கி, ஐயைந்து ஆண்டுகளாக உயர்ந்து, தொண்ணூறு வயதினர் பிரிவு வரை செல்கின்றன. ஒருவர் அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் எவ்வயதை எய்துவாரோ அவ்வயதுப் பிரிவில் அவ்வாண்டு முழுவதும் ஆடலாம். ஆகவே, உலகத்தார் தம் வயதைக் குறைத்துக் கூற, இவர்களோ ஓராண்டு விரைந்து கூடாதா என்று ஏங்குகின்றனர்! நாற்பத்தைந்து வயது கடந்த ஆடவருக்குரிய நாடுகளிடைப் போட்டியாகிய டூப்ளர் கோப்பை 1958-ஆம் ஆண்டு தோன்றிற்று. பின்னர் ஏனை வயதினருக்கும் பெண்டிருக்கும் தனித்தனிக் கோப்பைகள் ஏற்பட்டன. எண்பது வயதினர் கோப்பை கார்ட்னர் மல்லாய் என்னும் அமெரிக்கர் பெயரால் வழங்குகின்றது. அவர் 1957-இல் தம் 43-ஆம் வயதில் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றவர். 2016-இல் 102-ஆம் வயதில் மறைந்தவர். நம் நாட்டவராகிய ரோகன் போபண்ணா 2024-இல் ஆஸ்திரேலியாவில் இரட்டையர் பட்டம் வென்றதும் அதே 43-ஆம் வயதிலே என்பது நினைவுகூரத்தக்கது.

இவரினும் என் உள்ளத்தைக் கவர்ந்தவர் டாரதி செனி அம்மையார். இவருடைய அன்னை மே சட்டன் 1905-இலும் 1907-இலும் விம்பிள்டனில் வென்றவர். மகளார் 1938-இல் ஆஸ்திரேலியப் பட்டத்தை எய்தினார். பிறரெனின் அப்புகழோடு அமைந்திருப்பர். இவரோ அதன்பின் பல்லாண்டுகள் முதியோர் பிரிவுகளில் ஆடி, 390-க்கு மேற்பட்ட அமெரிக்க தேசியப் பட்டங்களை வென்று, 2014-இல் 98-ஆம் வயதில் மறைந்தார். உக்ரேன் நாட்டுக் கார்கிவ் நகரத்தவராகிய லியோனிட் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி முப்பதாம் வயதிலேதான் மட்டையைக் கையிலெடுத்தார். 2021-இல் 97 வயதினராய் மயோர்க்காத் தீவில் நடந்த உலகப் போட்டியில் தொண்ணூறு வயதினர் பிரிவில் ஆடினார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழி இவர் திறத்துப் பொய்த்தது.

இவர்கள் ஏன் ஆடுகின்றனர்? பொருளுக்காக அன்று. முதியோர் போட்டிகளிற் பெரும்பாலாரும் தம் கைப்பொருளையே செலவிட்டுச் செல்கின்றனர். 1968-க்கு முன்னர் விம்பிள்டன் முதலிய பெரும் போட்டிகளில் ஊதியத்துக்கு ஆடுவோருக்கு இடமில்லை. 'அமெச்சூர்' எனப்படுவோரே ஆடினர். அச்சொல் 'அன்பு செய்வோன்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது. இன்று பெரும் போட்டிகளெல்லாம் பெரும்பொருள் ஈட்டும் களங்களாகிவிட்டமையால், அச்சொல்லின் பழம்பொருள் நரைத்த தலையினரிடத்தே தங்கியிருக்கின்றது எனலாம்.

தமிழ் பயிலும் எனக்கு இங்கே இரண்டு நூல்கள் நினைவுக்கு வருகின்றன. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களம் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார்; அதற்கு வயது வரையறுத்தாரல்லர். புறநானூற்று 243-ஆம் பாட்டிலோ, தண்டூன்றி இருமலினிடையே சில சொற் பேசும் முதியவர் ஒருவர், மருதமரக் கிளையினின்றும் ஆழ்ந்த மடுவிற் குதித்து அடியிலுள்ள மணலை அள்ளிக் காட்டிய தம் இளமையை எண்ணி இரங்குகின்றார். நீர் விளையாட்டை இழந்த அம்முதியவருக்குக் கையில் எஞ்சியது தண்டு ஒன்றே. அவ்விரக்கத்தின் உண்மையை யான் மறுக்கவில்லை. முதுமை பலவற்றைக் கவர்ந்துகொள்வது மெய்யே. ஆனால் அது கேட்குமுன்னரே அனைத்தையும் நாமாக எடுத்துக் கொடுத்துவிட வேண்டுவதில்லை என்பதே என் கருத்து.

'கோடையில் முதியோர் ஆடுதல் உயிருக்குத் தீங்கன்றோ?' என்பர் சிலர். தக்க வினாவே. இங்கிலாந்து முதலிய குளிர்நாடுகளில் வேனில் டென்னிஸுக்கு உகந்த பருவம். நமக்கோ அது சுட்டெரிக்கும் காலம். அன்றியும், மூப்பு வளர வளரத் தாகவுணர்ச்சி மழுங்கும். வியர்த்து உடல் குளிரும் ஆற்றலும் குறையும். ஆதலின் நம் தளத்து முதியோர் தாகம் தோன்றுமுன்னரே நீர் அருந்துகின்றனர். வெயில் ஏறுமுன் வீடு திரும்புகின்றனர். எடுத்தவுடன் பந்தை ஓங்கி அடியாது, கால் மணி நேரம் நடந்தும் தோளையும் முழங்காலையும் அசைத்தும் உடலை இளக்கிக்கொள்கின்றனர். மார்பில் சிறிது நோவு தோன்றினும் ஆட்டத்தை விட்டு அமர்கின்றனர். அவருள் இதய நோயுடையார் மருத்துவர் இசைவு பெற்றே வருகின்றனர். பகல் மூன்று மணிக்குத் தொப்பியுமின்றிக் கிரிக்கெட் ஆடும் நம்மினும் அவர் அறிவுடையார் என்பதில் ஐயமில்லை.

நன்மையைக் கூறுங்கால் மிகைப்படக் கூறுதல் ஆகாது. கோபன்ஹேகன் நகரில் ஏறத்தாழ 8,500 பேரை இருபத்தைந்து ஆண்டு வரை கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், டென்னிஸ் ஆடுவோர் உடலுழைப்பின்றி இருப்போரினும் சராசரி 9.7 ஆண்டு மிகுதியாக வாழ்ந்தனர் என்று கணக்கிட்டனர். தனியே ஓடிப் பயில்வோருக்கு அம்மிகுதி 3.2 ஆண்டே. இதனால் டென்னிஸே ஆயுளை நீட்டிற்று என்று முடிவு கட்டலாகாது. ஆடுவோர் முன்னரே நலமும் வளமும் உடையாராய் இருந்திருக்கலாம். எனினும், ஆட்டத்துக்கு எதிரில் ஒருவர் வேண்டும். அவர் நம்மை எதிர்பார்த்திருப்பார். வாராவிடின் ஏனென்று வினவுவார். மனைவியை இழந்து தனித்து வாழும் முதியவர் ஒருவர் நம் தளத்துக்கு ஒரு நாள் வாராமையால், நண்பர் இருவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவர் வீட்டுக்கு விரைந்ததை யான் கண்டேன். அவர் காய்ச்சலால் எழ இயலாது கிடந்தார். அன்று அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது நாம் நிறுத்த எண்ணும் இவ்வாட்டமே.

இனி, தளம் தேய்கின்றது என்னும் வாதம். நாள்தோறும் விடியுமுன் நீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு இடுபவர் அம்முதியோரே. கோடை முழுதும் நீர் காணாது கிடக்கும் மண் தளம் வெடித்துப் புழுதியாகும். எனவே தளத்தைக் காப்பவரையே தளத்தை அழிப்பவர் என்கின்றோம்! டென்னிஸ் செல்வர் ஆட்டம் என்பாருக்கும் ஒன்று சொல்வேன். செல்வருக்குச் சங்கங்கள் பல உள. ஓய்வூதியம் கொண்டு வாழும் பள்ளியாசிரியருக்கு இத்தளத்தையன்றி வேறு இடம் யாது? இதனை அடைப்போமாயின் செல்வர் ஆட்டம் என்னும் பழியை நாமே மெய்யாக்குவோம்.

ஆதலின், கல்லூரித் தலைவர்களுக்கும் உடன் மாணவர்களுக்கும் யான் செய்துகொள்ளும் விண்ணப்பம் மூன்று. கோடைக் காலை இரண்டு மணி நேரத்தை முதியோருக்கென்றே நிலைப்படுத்துக. வாரத்தில் இரு நாளேனும் அந்நேரத்தைப் பெண்டிருக்கு ஒதுக்குக. செனி அம்மையாரைப் புகழும் நாம் நம் தளத்தில் ஒரு மூதாட்டியையேனும் கண்டிலேம். மாணவர் ஒவ்வொருவரும் எழுபது வயதிலும் ஆடத்தக்க ஒரு விளையாட்டைக் கல்லூரியை விட்டு நீங்குமுன் கற்றுக்கொள்க.

நண்பர்காள்! என் தந்தையாரும் ஒரு கல்லூரியில் டென்னிஸ் ஆடியவரே. அவருடைய பழைய மட்டை எங்கள் வீட்டுப் பரணில் முப்பது ஆண்டு கிடந்தது. இவ்வாண்டு அதனை இறக்கிப் புது நரம்பு கட்டுவித்தேன். வருகின்ற கோடையில் அவர் என்னுடன் இத்தளத்துக்கு வர இசைந்திருக்கின்றார். அவர் வரும்பொழுது வாயில் திறந்திருக்குமா என்பது உங்கள் கையில் இருக்கின்றது.