பழைய குட்டி யானைக்கு எந்த டயர்?

"இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடப்போற வண்டி, இதுக்கு எதுக்குப் புது டயர்?" டயர் கடைகளில் பழைய லோடு வண்டிக்காரர்கள் வழக்கமாகக் கேட்பது இது. வண்டிக்குத்தான் வயதாகிறது, ஏற்றும் மூட்டையின் எடை குறைவதில்லை.

குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது, ஏற்றலாம் என்று சொன்ன சுமை 750 கிலோ. (வெங்காய சீசனில் அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்!) அதன் 12 அங்குல ரிம்முக்கு உரியது 145 ஆர்12 எல்டி, 8 பிளை டயர். பழைய ஆல்டோ காரின் 145/80 ஆர்12 டயரும் அளவில் ஏறக்குறைய இதுதான். ரிம்மிலும் உட்காரும், விலையும் குறைவு. சிக்கல் பக்கச்சுவரில் அச்சிட்ட சுமைக் குறியீட்டில் இருக்கிறது. 74 என்றிருந்தால் ஒரு டயர் தாங்குவது 375 கிலோ. 86 என்றால் 530 கிலோ. தரையில் படும் பட்டன் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். செகண்ட் ஹேண்ட் டயரில் பட்டனைத் தடவிப் பார்ப்பவர்கள் இதைப் படிப்பதில்லை.

தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டும் ரீட்ரேடிங்கை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப், 1952-இல் இறங்கியதே ரீட்ரேடிங்குக்கான ரப்பர் தொழிலில்தான். ஆனால் அந்தச் சிக்கனம் லாரி, பஸ்ஸின் விலை உயர்ந்த பெரிய டயர்களுக்குப் பொருந்தும். குட்டி யானையின் சின்ன டயரில் மிச்சமாவது சொற்பம். முன்சக்கரத்தில் போடவே கூடாது.

எட்டு வயதைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்க வேண்டும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக்கூடாது என்கிறது சட்டம். எஃப்.சி. காட்டும் அந்த ஒரு நாளுக்காக டயர் தேடுகிறவர்கள், பேரத்தில் மிச்சப்படுத்திய நூறு இருநூறை அலைன்மென்ட்டுக்குச் செலவழிக்கத் தயங்குகிறார்கள். கிங் பின் ஆடும் பழைய வண்டியில் புது டயரும் ஒரு பக்கமாகவே தேயும். முதலில் ஒர்க்‌ஷாப், பிறகு டயர் கடை. பில்லில் அந்த நான்கு இலக்கத்தையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.