பழைய டிரம்மையே மாட்டிக் கொண்டு வா!

செங்கல்பட்டில் என் வீட்டுத் திண்ணையை ஒட்டி, தார்ப்பாய் போர்த்திய ஒரு மோட்டார் சைக்கிள் எட்டு மாதமாக நிற்கிறது. என் மகள் வயிற்றுப் பேரனுடையது. ரோட்டில் ஓட்டினால் சட்ட விரோதம். பிரித்து விற்கவோ அவனுக்கு மனசு வரவில்லை. அந்த வண்டிக்காகத்தான் இன்று சண்டைக்கு நிற்கிறேன்.

இன்ஜினும் சாசியும் ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் இங்கே கொண்டு வந்தது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். அன்றைக்குப் பெட்ரோல் குடிக்கிறது என்று ஒதுக்கினார்கள். இன்றைக்கு அதற்கு அடிபிடி. ஓடுகிற ஓட்டத்துக்கு ஏற்ற பிரேக் மட்டும் அதில் கிடையாது. வெளிநாட்டில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கோடு விற்ற வண்டி, நமக்கு டிரம் பிரேக்கோடு வந்தது. அதில் போனவர்களைக் கேளுங்கள், நிறுத்தப் பட்ட பாட்டைச் சொல்வார்கள்.

பேரன் அதற்கு கே.டி.எம். டியூக்கின் முன் ஃபோர்க்கும் டிஸ்க்கும் போட்டான். பின்னால் யமஹா ஆர்15-இன் ஸ்விங் ஆர்ம். சாமான்கள் எல்லாம் புதுப்பேட்டையில் ரசீதோடு வாங்கியவை. வாங்கி மாட்டினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு கம்பெனி ஃபோர்க்கின் தண்டு இன்னொரு கம்பெனி சாசியில் உட்காராது. அதைக் கழற்றி, அளவெடுத்து, லேத்தில் புதுத் தண்டு கடைய வேண்டும். முன்பக்கம் ஒரு அங்குலம் தாழ்ந்தாலே வளைவில் வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும். செயின் நேராக ஓடுகிறதா என்று இரண்டு பல்சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். பின் ஷாக்கைத் தாங்கச் சாசியில் புதிதாக வெல்டிங் வைக்க வேண்டும். இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின.

பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஒரு அலுவலகத்துக்கு மினி லாரியில் ஏற்றிப் போனோம். துணைக்கு நானும் போனேன். 33 வருஷம் அரசாங்கக் கோப்பு கட்டியவன், மனு எழுதுவதில் நமக்கு என்ன பயம் என்ற தைரியம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "பெரியவரே, வேலை நல்லா இருக்கு. ஆனா கம்பெனி கொடுத்தது இது இல்லையே. பழைய டிரம்மையே மாட்டிக் கொண்டு வரச் சொல்லுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

அதாவது, நிற்காத வண்டி சட்டப்படி சரி. நிற்கிற வண்டி குற்றம்!

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விதி அப்படி. வீட்டுக்கு வந்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை எடுத்துப் படித்தேன். 1988-ல் எழுதியபோது, வண்டியை மாற்ற நினைப்பவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, அவருடைய ஒப்புதல் பெற்று மாற்றலாம் என்று அதில் வழி இருந்தது. 2000-இல் வந்த திருத்தம் அதைச் சுருக்கிவிட்டது. தயாரித்தவர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது என்று ஆனது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் தண்டனையும் வந்தது: ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆக, நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. மூடிய கதவைத் திறக்கச் சொல்கிறேன்.

"ஈ.சி.ஆர். ரோட்டுக் கூத்தைப் பார்த்துமா இப்படி எழுதுகிறீர்?" என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறேன். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரை எழுப்பிக்கொண்டு பறக்கும் பையன்களுக்கு நான் வக்கீல் இல்லை. அவர்களைப் பிடியுங்கள், அபராதம் போடுங்கள். ஆனால் சைலன்சரைக் கழற்றப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷக்காரனையும் இரண்டு வருஷம் உழைத்தவனையும் ஒரே தராசில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

"வெல்டிங் விட்டுப் போனால்?" இது நியாயமான கேள்வி. புது டிஸ்க் பிடிக்கிற வேகத்தில் பழைய சாசியின் கழுத்துக்கு வரும் இழுப்பு அதிகம். விட்டால் ஓட்டுபவன் மட்டுமல்ல, எதிரே வருபவனும் சாவான். ஆகவேதான் சோதிக்கச் சொல்கிறேன். இன்று யாரும் சோதிப்பதில்லை. தடை என்று சொல்லிவிட்டால் சோதிக்கும் வேலையே இல்லை பாருங்கள். பயந்தவன் தார்ப்பாய் போர்த்துகிறான். துணிந்தவன் ராத்திரியில் ஓட்டுகிறான்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்த மொழியில் 'பிரிகொலர்' என்று ஒரு சொல் உண்டு. கையில் இருக்கிறதை வைத்து வேலையை முடிப்பவன் என்று பொருள். பிரான்ஸில் இப்படி மாற்றிய ஒற்றை வண்டியைத் தனியாகச் சோதித்து ஒப்புதல் தரும் முறை இருக்கிறது. 'ரெசெப்சியோன் ஆ தீத்ர் இசொலே' என்பார்கள். பிரிட்டனிலும் அதுபோல ஒன்று உண்டு. நார்ட்டன் சாசியில் டிரையம்ஃப் இன்ஜினை வைத்து 'டிரைட்டன்' என்று பெயர் சூட்டிய ஊர் அல்லவா!

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓட்டட்டுமே என்கிறார் ஒரு நண்பர். ஐயா, பையன் பந்தயத்துக்குப் போகவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்க் கடற்கரையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்ப ஆசைப்படுகிறான். போக 30 கிலோமீட்டர்.

அந்த மாமல்லபுரத்தையே பாருங்கள். ஐந்து ரதமும் பாறையைக் குடைந்தது. கடற்கரைக் கோயிலோ கல் மேல் கல் வைத்துக் கட்டியது. சேர்த்துக் கட்டியது என்பதற்காக அது விழுந்துவிடவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் கடலுக்கு எதிரே நிற்கிறது. ஒன்றாகப் பிறந்ததா, சேர்த்ததா என்று கேட்காதீர்கள். நிற்குமா என்று கேளுங்கள்.

மாவட்டத்துக்கு ஒரு இடம், ஒரு பொறியாளர், பிரேக்குக்கும் வெல்டிங்குக்கும் சத்தத்துக்கும் புகைக்கும் ஒரு சோதனை, அதற்குக் கட்டணம். தேறாத வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள், வாயைத் திறக்க மாட்டோம். தேறினால் ஆர்.சி. புத்தகத்தில் எழுதிக் கொடுங்கள். இதுதான் என் மனு. அனுப்ப வேண்டிய இடங்களுக்கு அனுப்பிவிட்டேன், பதில் இல்லை.

போன வாரம் பேரன் பழைய டிரம்மை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். "விடு தாத்தா, இதையே மாட்டிடறேன்" என்றான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.